வெனிலா வைத்தியம்

என் மனைவி வீட்டில் சிரிப்பதை நிறுத்தியபோது எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. எந்தத் தேதியில் நின்றது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் பார்த்தால் சுத்தமாக இல்லை.

அவள் சிரிப்பு சாதாரணச் சிரிப்பு அல்ல. முதலில் மூக்கால் ஒரு சின்ன உறுமல் வரும். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு அடக்கப் பார்ப்பாள். அடங்காது. வெடித்தால் மேல்வீட்டுக்காரர் "என்ன ஆச்சு?" என்று கேட்க இறங்கி வருவார். என்னிடம் பெரிதாகச் சொத்து சுகம் கிடையாது, அழகும் அளவோடுதான். ஆனால் அந்தச் சிரிப்பை வரவழைக்கும் வித்தை எனக்குத் தெரியும் என்பதில் உள்ளூர ஒரு கர்வம் இருந்தது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் தினம் ஒரு கதையாவது கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். புதுக் கண்ணாடி போட்டால் தலை சுற்றுகிறது என்று சண்டைக்கு வந்தவர் பழைய கண்ணாடியின் மேலேயே புதியதை மாட்டிக்கொண்டிருந்தார். இப்படி ஒன்றை எடுத்துப்போய்ச் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் வைப்பேன். அவள் உருண்டு புரண்டு சிரிப்பாள். அதுதான் எங்கள் குடித்தனம்.

அது மாறிவிட்டது. நான் கதை சொல்வேன். அவள் இடது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தூங்கி வழிகிற மாதிரி பார்ப்பாள். வாயின் ஓரங்கள் கீழே இழுத்துக்கொண்டு, பல் மட்டும் கொஞ்சம் தெரியும். கடிக்க வருகிற நாய்க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. "ம்" என்பாள். அந்த "ம்" கூட மூக்கிலிருந்து வரும். தட்டில் பாதியை வைத்துவிட்டு "போதும்" என்று எழுந்துபோவாள்.

நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசித்தேன். யோசித்தால் கிடைக்காமலா போகும்? ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறேன். அவளுடைய தம்பியைக் கஞ்சன் என்று சொன்னேன். ஒவ்வொன்றாக மன்னிப்புக் கேட்டேன். திரைச்சீலைகளைத் துவைத்தேன், செருப்பு வாங்கிக் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு தடவையும் "எதுக்கு?" என்று கேட்டாள், அதே கடிக்கிற முகத்தோடு.

அக்காவிடம் போனில் சொன்னதுதான் நான் செய்த பெரிய தப்பு.

"மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காளா?" என்றாள் அக்கா.

"தூக்கி வைக்கல. தொங்கப் போட்டிருக்கா."

"எல்லாம் ஒண்ணுதான்டா. வீட்டுல சிரிப்பு இல்லன்னா வேற எங்கயோ செலவாகுதுன்னு அர்த்தம். நான் ஒண்ணும் சொல்லல. நீயே பாத்துக்கோ."

ஒன்றும் சொல்லாமலேயே எவ்வளவு சொல்லிவிட்டாள் பாருங்கள்.

என் மனைவி ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் குளிர்அறை மேற்பார்வையாளர். உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே இருக்கும் கிடங்கு. காலை ஆறரைக்குப் போனால் மூன்று மணிக்கு வருவாள். ஒருநாள் அடையாள அட்டையை மேஜையிலேயே மறந்துவிட்டுப் போனாள். பதினோரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு நானே கொண்டுபோனேன். காவலர் என்னைச் சரக்கு ஏற்றி இறக்கும் மேடை வரை விட்டார். கிடங்கின் கதவில் கையகலத்துக்குக் கண்ணாடிச் சதுரம் ஒன்று உண்டு. பனி படிந்த அதைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்தேன்.

சிரித்துக்கொண்டிருந்தாள்.

தடித்த நீலக் கோட்டில், கையுறைக் கையால் வாயைப் பொத்தி, அடக்க முடியாமல் பெட்டி அடுக்கின் மேல் சாய்ந்து, அந்தப் பழைய சிரிப்பு. கதவின் கனத்தைத் தாண்டிக் கேட்டது. இரண்டு கண்களும் விளக்கு மாதிரி திறந்திருந்தன. எதிரே ஒரு ஆள். குட்டையாக, உருண்டையாக, அதே நீலக் கோட்டில், கைகளை இரண்டு பக்கமும் விரித்து எதையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். சுமைவண்டி ஓட்டுகிறவர் என்றார் காவலர். எல்லோரும் அவரைப் பென்குயின் என்றுதான் கூப்பிடுவார்களாம். பார்த்த உடனே ஏன் என்று புரிந்தது.

அட்டையைக் காவலரிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அன்று மதியம் ஒரு வாத்தியாரின் வலது கண்ணுக்கான வில்லையை இடது பக்கம் பொருத்திக் கொடுத்தேன். அவர் போட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

ஏழு மணி இருக்கும். சமையலறையில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பேச வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். வாயைத் திறந்ததும் ஒத்திகை காற்றில் போய்விட்டது.

"அங்க அப்படி சிரிக்கிற. இங்க ஒரு சிரிப்பு சிரிக்கக் கூடாதா? நான் அந்தப் பென்குயினை விட மட்டமா போயிட்டேனா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ஒரு விரலால் இடது இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையையும் மூக்கிலிருந்து இழுத்து வந்து சொன்னாள்:

"நான் சிரிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

"எப்போ?"

"இப்போ கூட. பென்குயின்னு சொன்னீங்களே. சிரிச்சேன். உங்களுக்குத் தெரியல. முகத்துக்கு வர மாட்டேங்குது."

அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டாள். அப்படித் தாங்கித்தான் எட்டு மாதமாகச் சாப்பிடுகிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மத்தியானத்துக்கு மேல எல்லாம் தொங்குது. சிரிக்கலாம்னு நெனச்சா பல்லைக் காட்டுற மாதிரி ஆகுது. மெல்ல முடியல. தண்ணி மூக்குல வருது. சாயங்காலம் ஆனா நீங்க ரெண்டு பேரா தெரியறீங்க." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "ஒருத்தரையே சமாளிக்க முடியல."

"ரெண்டு ரெண்டா தெரியுதா? ஏன்டி எங்கிட்ட சொல்லல? நான் கண்ணாடிக்காரன்!"

"அதான் சொல்லல. கண்ணாடியை மாட்டி விட்டுருவீங்க."

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்ததாம். பல வருஷமாக அடுத்தவர் கண்ணைப் பார்த்துப் பிழைக்கிறவன் நான். யாருக்கு எந்தக் காது ஒரு நூல் மேலே இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். வீட்டில் ஒரு கண் பாதி சாத்திக் கிடந்ததைக் கோபம் என்று நினைத்துக்கொண்டு செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

"அப்போ காலையில மட்டும் எப்படி?"

"காலையில கொஞ்சம் தேவலாம். குளிர்ரூமுக்குள்ள போனா ரொம்ப நல்லா இருக்கு. வெளிய வந்தா மறுபடியும் தொங்குது. ஏன்னு தெரியல. அலுப்புன்னு நெனச்சேன். வெளிய தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திடுவாங்களோன்னு பயம் வேற."

குளிரா? குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். ஐஸ்கட்டித் தட்டு காலி. ஆனால் தொழிற்சாலையில் ஊழியர்களுக்குத் தரும் வெனிலா கப்புகள் ஏழெட்டு இருந்தன. ஒன்றை எடுத்து, கைக்குட்டையில் சுற்றி, அவளுடைய மூடிய இடது கண்ணின் மேல் வைத்தேன். அதற்கு முன் சட்டைப் பையிலிருந்த அளவுகோலால் இமைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்துகொண்டேன். பழக்கதோஷம். மூன்று மில்லிமீட்டர்.

இரண்டு நிமிஷம். அவள் "சில்லுனு இருக்கு" என்று முனகினாள். எடுத்தேன்.

இமை ஏறியது. கடை ஷட்டரைத் தூக்கின மாதிரி. எட்டு மில்லிமீட்டர்! நான் இரண்டு தடவை அளந்தேன். முழுசாக, வட்டமாக, ஈரம் மினுங்க, எட்டு மாதமாக வீட்டில் பார்க்காத ஒரு கண் என்னை அப்படியே பார்த்தது.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"திறந்துடுச்சு! கண்ணாடியப் பாரு!"

அவள் கண்ணாடிக்கு ஓடினாள், நான் இன்னொரு கப்புக்கு ஓடினேன். வலது கண்ணுக்கும் வைத்தோம். சில நிமிஷத்தில் இமை மறுபடி இறங்கியது, மறுபடி வைத்தோம், மறுபடி ஏறியது. ஏறும்போதெல்லாம் நான் கைதட்டினேன். அவள் முகம் சிரிக்கவில்லை. ஆனால் தோள்கள் குலுங்கின. அவள் சிரிக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பார்க்கத் தெரிந்தது. நாலு கப் வெனிலாவும் உருகி ஓடியது. உருகியதை நானே குடித்தேன்.

என் கடைக்குக் கண்ணாடிச் சீட்டு எழுதி அனுப்பும் கண் மருத்துவருக்குப் போன் போட்டேன். அவர் கேட்டுவிட்டு, "இது கண்ணு விஷயம் இல்ல. நாளைக்கு முதல் வேலையா நரம்பு டாக்டரைப் பாருங்க. மூச்சு விடுறதுல கஷ்டம் வந்தா நாளைக்குன்னு கூட இருக்காதீங்க, உடனே போங்க" என்றார்.

காலையில் எங்களைக் கூட்டிப்போக வந்தது யார் தெரியுமா? பென்குயின். அவரிடம்தான் கார் இருந்தது. அவள் முன்பே செய்தி அனுப்பியிருந்தாள். நான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன் இருக்கையில் உட்கார்ந்தேன்.

"சார், அந்தக் கிழவர் கதையை நீங்களே ஒரு தடவை சொல்லுங்க சார்," என்றார் வண்டியைக் கிளப்பியபடி.

"எந்தக் கிழவர்?"

"அதான் சார், கண்ணு டெஸ்ட் பண்ற எழுத்துப் பலகையை மனப்பாடம் பண்ணிட்டு வந்தவரு. நீங்க லைட்டப் போடறதுக்கு முன்னாடியே கடைசி வரி வரைக்கும் ஒப்பிச்சுட்டாராமே! நேத்து மேடம் அதைச் சொல்லிச் சிரிச்ச சிரிப்புல பெட்டி அடுக்கே சரிஞ்சிருக்கும். நான் அந்தக் கிழவராவே நடிச்சுக் காட்டினேன்."

நான் திரும்பிப் பின்னிருக்கையைப் பார்த்தேன்.

"அந்தக் கதையை முந்தாநாள் ராத்திரிதானே உங்கிட்ட சொன்னேன்?"

"ஆமா," என்றாள் அவள். "வீட்டுல சிரிக்க முடியல. அடுத்த நாள் அங்க போய்ச் சொல்லிச் சிரிச்சுக்குவேன்."

"எட்டு மாசமா தினம் ஒண்ணு சார்," என்றார் பென்குயின். "எங்க ஷிஃப்டுல உங்க கடை வாடிக்கையாளர் எல்லாரையும் எங்களுக்குத் தெரியும். மேடத்துக்குக் கை ஓயும்போது பெட்டியை நாங்க தூக்கிடுவோம். அவங்க கதை சொல்லணும். அதான் ஏற்பாடு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தெருவில் என்னென்னவோ போய்க்கொண்டிருந்தது. ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடிக்காரனின் கண்ணிலும் தண்ணீர் வரும்.

நரம்பு மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. சின்ன உருவம், பெரிய குரல். வெனிலா கப் விவரத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"ஐஸ்கிரீமா! நாங்க ஐஸ்கட்டி வச்சுப் பாப்போம். அளந்தீங்களா? மூணுல இருந்து எட்டா? சிஸ்டர், இதைக் கொஞ்சம் கேளுங்க!"

பிறகு அவளை மேலே கூரையையே பார்க்கச் சொன்னார். அரை நிமிஷத்தில் இமைகள் இறங்கின. ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார். முப்பதைத் தாண்டியதும் குரல் மூக்குக்குள் போய்விட்டது. மணிக்கட்டு நரம்பில் சின்னச் சின்ன மின் அதிர்ச்சியாக அடுத்தடுத்துக் கொடுத்தார்கள். திரையில் முதல் கோடு உயரமாக வந்தது, இரண்டாவது கொஞ்சம் குட்டை, மூன்றாவது இன்னும் குட்டை. படிக்கட்டு இறங்குவது போல. மருத்துவர் அதைக் காட்டிச் சொன்னார்:

"நரம்பு தசையை நேரா தொடாதும்மா. நடுவுல ஒரு இடைவெளி. தலைமுடியோட தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்குதான். ஆனா தாண்டணும். அதுக்கு நரம்பு அசிட்டைல்கோலின்னு ஒரு வேதிப்பொருளைத் தூது அனுப்பும். தசைப் பக்கம் அதை வாங்கிக்கறதுக்கு ஏற்பிகள் இருக்கு. தூது வந்து ஒட்டினாதான் தசை சுருங்கும். உங்க உடம்போட காவல்படையே குழம்பிப் போய், அந்த ஏற்பிகளை எதிரின்னு நெனச்சு அடைச்சு, அழிச்சு வச்சிருக்கு. தசைக்குக் காது மந்தமாயிடுச்சு. நரம்பு கத்துது, தசைக்குக் கேக்கல."

"சாயங்காலம் மட்டும் ஏன் டாக்டர்?" என்று கேட்டேன்.

"தொடர்ந்து வேலை வாங்கினா நரம்பு அனுப்புற தூது தடவைக்குத் தடவை கொஞ்சம் குறையும். நமக்கெல்லாம் ஏற்பி உபரியா இருக்கறதால தெரியாது. இவங்களுக்கு உபரியே இல்ல."

"குளிர்?" என்றாள் என் மனைவி.

"வந்த தூதைக் கண்ணிமைக்கறதுக்குள்ள உடைச்சுப் போடறதுக்குன்னே அங்க ஒரு நொதி உக்காந்திருக்கு. குளிர்ல அது சோம்பேறி ஆயிடும். தூது இன்னும் கொஞ்ச நேரம் நின்னு கதவைத் தட்டும். நான் இப்போ போடப்போற ஊசியும் அந்த நொதியைத்தான் தூங்க வைக்கும்." சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் ஏறியது. "இன்னும் ஒரு வேடிக்கை இருக்கும்மா. தசையோட இந்தக் காது ஒரே அளவுல கேக்கறது இல்ல. நரம்பு அசிட்டைல்கோலினோட சேத்து வேற சில்லறைத் தூதுகளையும் அனுப்பும். ஒண்ணு வந்தா ஏற்பி கூர்மையாகும். இன்னொண்ணு வந்தா மரத்துப் போகும். நான் இருபது வருஷமா அதைத்தான் ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்கேன்."

"ரேடியோவுல சத்தம் கூட்டுற திருகு மாதிரியா?" என்றாள் அவள்.

"அதேதான்!" என்று மருத்துவர் மேஜையைத் தட்டினார். "என் மாணவங்களுக்குப் புரிய வைக்க ஒரு மாசம் ஆச்சு!"

ஊசி போட்டு, பக்கத்து அறைக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். ரத்தம் எடுத்துப் போனார்கள். நானும் பென்குயினும் இரண்டு பக்கம் காவல். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பதினைந்தாவது நிமிஷம் இடது இமை லேசாகத் துடித்தது. இருபதாவது நிமிஷம் இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன. அவள் கன்னத்தை உப்பிப் பார்த்தாள். காற்று நின்றது. உதட்டைக் குவித்து விசிலடித்தாள். விசில் வந்தது! செவிலியர் கொடுத்த ஆப்பிளைக் கடித்தாள். நறுக்கென்று அறை முழுக்கக் கேட்டது. தாடைக்குக் கை கொடுக்காமல் மென்று, விழுங்கி, அடுத்த கடிக்குப் போனாள்.

"எண்ணட்டுமா டாக்டர்?"

"ஐம்பது வரைக்கும் போதும்."

ஐம்பதைக் கடந்தாள், நூறைக் கடந்தாள், நூற்று எழுபதில் மருத்துவர் கெஞ்சி நிறுத்தினார். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க."

"என்னத்த?"

"எல்லாத்தையும். எட்டு மாசத்தோடது. முதல்ல இருந்து."

மருத்துவமனை என்றும் பார்க்காமல் ஆரம்பித்தேன். கண்ணாடி மேல் கண்ணாடி போட்டவர். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு என் கடையில் திருட்டுப் புகார் கொடுத்த அம்மாள். லைட் போடும் முன் ஒப்பித்த கிழவர். முதலில் அந்த உறுமல் வந்தது. அப்புறம் கை வாய்க்குப் போனது. அப்புறம் வெடித்தது. காத்திருப்பு அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பென்குயின் எழுந்து கிழவராக நடித்தார். செவிலியர் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். நடுவில் அக்கா போன் செய்தாள்.

"என்னடா சத்தம்? எங்க இருக்க? அவ இன்னும் மூஞ்சியத் தூக்கித்தான் வச்சிருக்காளா?"

"ஆமாக்கா," என்றேன். "ரெண்டு பக்கமும் சரிசமமா, சூப்பரா தூக்கி வச்சிருக்கா!"

சிரித்து முடித்ததும் மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஊசி இரண்டு மூன்று மணி நேரம்தான். மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. காவல்படையை அடக்க வேறு மருந்து. அந்தக் காவல்படைக்குப் பயிற்சி கொடுக்கும் சுரப்பி ஒன்று நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறதாம், அதை ஸ்கேன் செய்ய வேண்டும், ஒருவேளை எடுக்க வேண்டியிருக்கும். வேறு எந்த மாத்திரையும் கேட்காமல் கொடுக்கக் கூடாது. நான் எல்லாவற்றையும் சீட்டில் எழுதிக்கொண்டேன். அவரிடமே ஒரு தடவை படித்துக் காட்டிச் சரிபார்த்தேன். மனசில் இருந்தது பயமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மருந்தின் வேகம் இறங்க, முகமும் இறங்கியது. அப்புறம் மாத்திரையைப் போட்டாள். முக்கால் மணி நேரத்தில் முகம் மேலே வந்தது. வயிறு மட்டும் கடமுட என்று சத்தம் போட்டது. அது மருந்தின் பக்க விளைவாம். அந்தச் சத்தத்துக்கே ஒரு தடவை சிரித்தோம்.

சுரப்பியை எடுத்தார்கள். இரண்டு மாதம் விடுப்பு, பிறகு வேலைக்குத் திரும்பினாள். யாரும் அவளை நிறுத்தவில்லை. உடம்பு முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வெயில் நாளில் வாடுவாள், சளி பிடித்தால் எனக்கு உயிர் போகும். ஆனால் மாத்திரை நேரம் தப்பாமல் பார்த்துக்கொண்டால் ராத்திரிச் சாப்பாடு முழுசாக உள்ளே போகிறது.

என்னால்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். வெனிலா கப்பிலிருந்து தொடங்கி, எட்டு மில்லிமீட்டர் வரை. ஒரு சனிக்கிழமை மதியம் அவள் கடைக்கு வந்தாள். கடையில் நாலு பேர். அதில் முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து, அவள் முகத்துக்குக் கிட்டே குனிந்து, "எந்தக் கண்ணும்மா அது?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

புருவம் இரண்டும் வில்லாக ஏறின. மூக்கு விடைத்தது. உதடு அழுந்தி, பிறகு திறந்தது.

"என் மூஞ்சி என்ன உங்க கடை போர்டா? போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பாத்துட்டுப் போறதுக்கு? கூறுகெட்ட மனுஷனா இருக்கீங்களே! கேட்டீங்களா எங்கிட்ட? ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ஒரு வார்த்தைகூட மூக்கில் போகவில்லை. ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று, நிறுத்தாமல், மூச்சு வாங்காமல் வந்தது. இரண்டு கண்ணும் சுட்டெரித்தன. அசல் கோபம்! கலப்படம் இல்லாத, முழு முகக் கோபம்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாய் காது வரை போய்விட்டது.

"எதுக்கு இளிக்கிறீங்க?"

"இல்ல... நீ திட்டு. நல்லா இருக்கு."

அவள் இன்னும் கத்தினாள். நான் இன்னும் இளித்தேன். நாலு பேரில் ஒருவர் நைசாக வெளியே போய்விட்டார். கண்ணைப் பற்றிக் கேட்டவர் எழுத்துப் பலகைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார். திட்டி முடித்து, மேஜை மேல் இருந்த தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. டம்ளரை டொக்கென்று வைத்துவிட்டு வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"ஆறு மணிக்குப் படம். டிக்கெட் எடுத்துட்டேன். வர்றீங்களா, இல்ல இங்கயே நின்னு பிரசங்கம் பண்ணப் போறீங்களா?"

அன்று ஐந்தரைக்கே கடையைச் சாத்தினேன்.